கலிபோர்னியா ஆளுநர் தேர்தல் 2026: புதுக் குடிமக்கள் முதல் வாக்கைச் செலுத்த ஒரு வழிகாட்டி

2024 நவம்பரில் நான் போட்ட முதல் வாக்கு எண்ணப்படாமலே போக இருந்தது. வாக்குச்சீட்டில் தவறில்லை. உறைமேல் போட்ட கையெழுத்தில்தான் தவறு. அந்தக் கதையை ஆறாவது படியில் சொல்கிறேன். அதைச் சொல்லித் தேர்தல் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்த பிறகுதான் விதிகளை உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க, அதற்கு முன்பே இன்னும் நான்கைந்து இடங்களில் தடுக்கி விழாமல் தப்பித்திருக்கிறேன் என்று தெரிந்தது. இந்த ஆண்டு முதல் முறையாக வாக்களிக்கப் போகிறவர்கள் அந்த அவதியைப் பட வேண்டாம் என்று இதை எழுதுகிறேன்.

ஆளுநர் என்றதும் கிண்டியில் இருப்பவரை நினைக்காதீர்கள். கலிபோர்னியாவில் ஆளுநரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் ஊர் முதலமைச்சரின் வேலை இங்கே இவருடையது. மாநில பட்ஜெட்டை முன்வைப்பவரும், சட்டமன்றம் அனுப்பும் மசோதாவில் கையெழுத்திடுபவர் அல்லது மறுப்பவரும் இவரே. கேவின் நியூசம் இரண்டு முறை பதவி வகித்துவிட்டதால் மறுபடி நிற்க முடியாது. ஆகவே இம்முறை நாற்காலி காலி.

1. உங்களுக்கு வாக்குரிமை இருக்கிறதா?

அமெரிக்கக் குடிமகனாக, கலிபோர்னியாவில் வசிப்பவராக, தேர்தல் நாளன்று 18 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும். கிரீன் கார்டு போதாது. எச்-1பி, எல்-1 வேலை விசாவில் இருப்பவர்களுக்கும் கிடையாது, எத்தனை ஆண்டு வரி கட்டியிருந்தாலும் சரி.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஓட்டுநர் உரிமம் எடுக்கவோ முகவரி மாற்றவோ டி.எம்.வி. என்ற மோட்டார் வாகனத் துறை அலுவலகத்துக்குப் போகும்போது, வாக்காளர் பதிவுக்கான கேள்விகளும் அதே படிவத்தில் வரும். ‘நீங்கள் அமெரிக்கக் குடிமகனா?’ என்ற இடத்தில் அவசரத்தில் ‘ஆம்’ என்று குறித்துவிட்டால் அது சின்னத் தவறு அல்ல. குடிமகன் என்று பொய்யாகச் சொன்னதாகக் கருதப்பட்டு, கிரீன் கார்டுக்கே ஆபத்து வரலாம், நாடு கடத்தும் அளவுக்கும் போகலாம். பின்னாளில் குடியுரிமைக்கு என்-400 படிவம் நிரப்பும்போது, ‘எப்போதாவது வாக்காளராகப் பதிவு செய்ததுண்டா, வாக்களித்ததுண்டா’ என்று தனியாகவே கேட்கிறார்கள். வணிக வளாக வாசலில் யாராவது படிவத்தை நீட்டினாலும், வீட்டுக்குத் தபாலில் வந்தாலும், குடியுரிமை இல்லாதவர்கள் தொடவே வேண்டாம். தவறுதலாகப் பதிவாகிவிட்டது என்று இப்போது தெரியவந்தால், முதலில் ஒரு குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள். மற்றதெல்லாம் பிறகு.

2. உறுதிமொழி விழா முடிந்த கையோடு

குடியுரிமை விண்ணப்பத்துக்கு இணையவழியில் 710 டாலர், காகிதத்தில் அனுப்பினால் 760 டாலர். குடும்ப வருமானம் குறைவாக இருந்தால் 380 டாலரில் முடியும். வாக்களிப்பதில் பணம் செலவாகும் இடம் கிட்டத்தட்ட இது ஒன்றுதான். இதற்குப் பிறகு பதிவு, வாக்குச்சீட்டு, திருப்பி அனுப்பும் தபால் எல்லாமே இலவசம். வாக்காளர் பதிவுக்கு யாராவது கட்டணம் கேட்டால் அவர் ஏமாற்றுக்காரர்.

நேர்காணலில் தேறியதும் குடிமகன் ஆகிவிட்டதாக நினைத்துப் பதிவு செய்துவிடாதீர்கள். உறுதிமொழி எடுத்த பிறகுதான் நீங்கள் குடிமகன். சான்றிதழைக் கையில் வாங்கியதும் மண்டபத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே பெயர், பிறந்த தேதி, எழுத்துப்பிழை எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். அது தொலைந்தால் மாற்றுச் சான்றிதழுக்கு 500 டாலருக்கு மேல் ஆகும்.

முன்பெல்லாம் விழா நடக்கும் இடத்திலேயே தன்னார்வலர்கள் வாக்காளர் படிவத்துடன் நிற்பார்கள். 2025 ஆகஸ்டிலிருந்து அந்த வேலையை மாநில, உள்ளூர்த் தேர்தல் அலுவலர்கள் மட்டுமே செய்யலாம் என்று விதி மாறிவிட்டது. அவர்கள் எல்லா விழாவுக்கும் வருவார்கள் என்று சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்து நீங்களாகவே பதிவு செய்துகொள்ளுங்கள்.

பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும்போது அசல் சான்றிதழையே அனுப்ப வேண்டியிருக்கும். கட்டணம் 130 டாலரும் அதைப் பெற்றுக்கொள்ளும் அலுவலகத்துக்கு 35 டாலரும். சான்றிதழ் திரும்பி வரும் வரை வாக்காளர் பதிவைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. வழக்கமான பதிவில் அதைக் காட்டச் சொல்வதே இல்லை, உறுதிமொழிக் கையெழுத்து போதும்.

இடையில் ஊர் விஷயம் ஒன்று. இந்த ஆண்டு தமிழ்நாட்டிலும் சட்டமன்றத் தேர்தல். அமெரிக்கக் குடியுரிமை பெற்ற அன்றே இந்தியக் குடியுரிமை போய்விடுகிறது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்தியருக்கு இந்தியா தரும் ஓ.சி.ஐ. அட்டைக்கு அங்கே வாக்குரிமை இல்லை. ஊர் வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இன்னும் இருந்தால், படிவம் 7 கொடுத்து நீக்கச் சொல்லுங்கள். விடுமுறைக்குப் போன இடத்தில் ‘பேர் இருக்கே, வந்து போட்டுட்டுப் போ’ என்று மாமா அழைத்தால் போகாதீர்கள்.

3. பதிவு செய்தல்

தேர்தல் பணிகளைக் கவனிக்கும் மாநிலச் செயலர் அலுவலகத்தின் இணையதளத்தில் பதிவுப் பக்கம் இருக்கிறது. எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை மூன்று: கலிபோர்னியா ஓட்டுநர் உரிம எண் அல்லது அடையாள அட்டை எண், சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள், பிறந்த தேதி. இவற்றைக் கொடுக்காமல் பதிவு செய்தால், முதல் முறை வாக்களிக்கும்போது அடையாளச் சான்று கேட்கப்படலாம். கொடுத்துவிட்டால் பெரும்பாலும் எதையும் கேட்பதில்லை.

தமிழர்களுக்கு இதில் இரண்டு சிக்கல்கள் உண்டு.

முதலாவது, பெயர். அப்பா பெயர் கடைசிப் பெயராகி, சொந்தப் பெயர் முன்னால் போய், இனிஷியல் எங்கோ நடுவில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு ஆவணத்திலும் ஒவ்வொரு விதமாக இருக்கும். பதிவில் ஓட்டுநர் உரிமத்தில் உள்ளபடியே எழுதுங்கள். குடியுரிமையோடு பெயரையும் மாற்றிக்கொண்டவர்கள், முதலில் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்திலும் டி.எம்.வி.யிலும் மாற்றிவிட்டு, அப்புறம் இங்கே வாருங்கள்.

இரண்டாவது, கட்சி. ‘எந்தக் கட்சியை விரும்புகிறீர்கள்’ என்று படிவம் கேட்கும். எந்தக் கட்சியும் வேண்டாம் என்றால் ‘கட்சி விருப்பம் இல்லை’ என்ற பொருளில் இருக்கும் ‘நோ பார்ட்டி பிரிஃபரன்ஸ்’ கட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். பட்டியலில் ‘அமெரிக்கன் இண்டிபெண்டன்ட்’ என்று ஒன்று இருக்கும். அது சுயேச்சை என்பதற்கான பெயர் அல்ல, அது ஒரு வலதுசாரிக் கட்சி. ‘இண்டிபெண்டன்ட்’ என்ற சொல்லைப் பார்த்து அதில் போய் விழுந்தவர்கள் ஏராளம். என் நண்பர் ஒருவர் மூன்று ஆண்டு அந்தக் கட்சிக்காரராகவே இருந்தார், அவருக்கே தெரியாமல்.

எந்தக் கட்சியைக் குறித்தாலும், ஆளுநர் பதவிக்கு எல்லா வேட்பாளர்களும் ஒரே சீட்டில்தான் வருவார்கள். யாருக்கு வேண்டுமானாலும் போடலாம். கட்சி வாரியாகச் சீட்டு பிரிவது அதிபர் பதவிக்கான முதற்கட்டத் தேர்தலில் மட்டும்.

பதிவான பிறகு உங்கள் கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) தேர்தல் அலுவலகத்திலிருந்து ஓர் அட்டை வரும். அது வாக்காளர் அடையாள அட்டை அல்ல, பதிவாகிவிட்டது என்ற தகவல் மட்டுமே. வரவில்லை என்றால் இணையதளத்திலேயே உங்கள் பதிவு நிலையைப் பார்த்துக்கொள்ளலாம். வீடு மாறினால் மறுபடி பதிவு. வாடகை வீட்டில் இருப்பவர்கள் இதைத்தான் அடிக்கடி மறக்கிறார்கள்.

4. காலண்டரில் வட்டமிட வேண்டிய நாட்கள்

முதற்கட்டத் தேர்தல் 2026 ஜூன் 2, செவ்வாய்க்கிழமை. மே 4க்குள் வாக்குச்சீட்டுகளைத் தபாலில் அனுப்பத் தொடங்கிவிடுவார்கள். பதிவுக்குக் கடைசி நாள் மே 18.

பொதுத் தேர்தல் நவம்பர் 3, செவ்வாய்க்கிழமை. சீட்டு அனுப்பும் வேலை அக்டோபர் 5க்குள் தொடங்கும். பதிவுக்குக் கடைசி நாள் அக்டோபர் 19.

கடைசி நாளைத் தவறவிட்டால் கதவு முழுதாக மூடிவிடாது. தேர்தல் நாள் வரை கவுண்டி அலுவலகத்துக்கோ வாக்கு மையத்துக்கோ நேரில் போய், அங்கேயே பதிவு செய்து அங்கேயே வாக்களிக்கலாம். உங்கள் தகவல்களைச் சரிபார்த்த பிறகுதான் அந்த வாக்கை எண்ணுவார்கள். வரிசை நீளமாக இருக்கும், அவ்வளவுதான். கடைசி நாளுக்குப் பிறகு உறுதிமொழி எடுத்தவர்கள், சான்றிதழைக் கையோடு எடுத்துக்கொண்டு கவுண்டித் தேர்தல் அலுவலகத்துக்கே போய்விடுவது நல்லது.

5. ‘நவம்பரில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஜூனை விடாதீர்கள்

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு இதுதான். ஜூன் தேர்தலில் எல்லாக் கட்சிக்காரர்களும் ஒரே பட்டியலில் நிற்பார்கள். அதில் அதிக வாக்கு வாங்கும் முதல் இருவர் மட்டுமே நவம்பருக்குப் போவார்கள். இருவரும் ஒரே கட்சியாகக்கூட இருக்கலாம். ஒருவர் பாதிக்கு மேல் வாங்கினாலும் நவம்பர் போட்டி உண்டு.

கணக்கைப் பாருங்கள். ஒரு கட்சியின் எட்டுப் பேர் நூற்றுக்கு 60 வாக்கைச் சமமாகப் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு ஏழரை. இன்னொரு கட்சியின் இரண்டு பேர் மீதி 40ஐப் பிரித்தால் ஆளுக்கு 20. நவம்பர் சீட்டில் வருவது அந்த இரண்டு பேர்தான். 60 பேர் விரும்பிய கட்சிக்கு அங்கே இடமே இருக்காது. உங்களுக்குப் பிடித்தவர் நவம்பர் வரை தாக்குப்பிடிக்க வேண்டுமானால் ஜூனில் போட்டாக வேண்டும்.

இம்முறை களம் உண்மையிலேயே நெரிசலானது. 2025 முடிவதற்குள் போட்டியில் இறங்குவதாக அறிவித்தவர்களில், ஜனநாயகக் கட்சியில் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் கேட்டி போர்ட்டர், பைடன் அரசில் சுகாதார அமைச்சராக இருந்த ஹேவியர் பெசெரா, லாஸ் ஏஞ்சலஸ் முன்னாள் மேயர் அந்தோனியோ வியரைகோசா, மாநிலக் கணக்குத் தலைவராக இருந்த பெட்டி யீ, பள்ளிக்கல்வித் தலைவர் டோனி தர்மண்ட், பெரும் பணக்காரர் டாம் ஸ்டையர் ஆகியோர் உண்டு. குடியரசுக் கட்சியில் ரிவர்சைட் கவுண்டி ஷெரிஃப் சாட் பியாங்கோ, தொலைக்காட்சி நிகழ்ச்சி நடத்தியவரும் பிரிட்டன் பிரதமர் டேவிட் கேமரூனின் ஆலோசகராக இருந்தவருமான ஸ்டீவ் ஹில்டன். கமலா ஹாரிஸ் நிற்பார் என்று பேசப்பட்டது. அவர் 2025 ஜூலையில் இல்லை என்று சொல்லிவிட்டார். துணை ஆளுநர் எலெனி குனலாகிஸ், மாநில செனட்டின் முன்னாள் தலைவர் டோனி அட்கின்ஸ் இருவரும் இறங்கிவிட்டுப் பிறகு விலகினார்கள். இந்தப் பட்டியலை அப்படியே மனப்பாடம் செய்யாதீர்கள். வேட்புமனுவுக்குக் கடைசி நாள் மார்ச் 6, மாநிலச் செயலர் உறுதிசெய்த பட்டியல் வருவது மார்ச் 26. அதுதான் நம்பத்தக்கது. மனு கொடுத்த பிறகு ஒருவர் ‘விலகுகிறேன்’ என்று பேட்டி கொடுத்தாலும் அவர் பெயர் சீட்டில் இருந்துகொண்டே இருக்கும். ஆகவே போடுவதற்கு முந்தைய நாள் ஒருமுறை செய்தியைப் பார்த்துவிடுங்கள்.

வேட்பாளர்களை ஒப்பிட மாநிலம் ஒரு கையேட்டை அனுப்புகிறது. அதில் ஒரு சூட்சுமம். செலவு வரம்பை ஏற்றுக்கொண்ட வேட்பாளர்கள் மட்டுமே அதில் 250 சொல் அறிக்கைக்குப் பணம் கட்டி இடம் வாங்க முடியும். வரம்பை ஏற்காமல் கோடிகளை இறைப்பவரின் அறிக்கை அதில் இருக்காது. கையேட்டில் காணவில்லை என்பதால் அவர் போட்டியில் இல்லை என்று பொருள் அல்ல. சீட்டில் வேட்பாளர் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் கட்சிப் பெயரும் அவரே சொல்லிக்கொண்டது. கட்சி அவரை ஆதரிக்கிறது என்பதற்கு அது சான்று அல்ல. பெயர்களின் வரிசையும் சட்டமன்றத் தொகுதிக்குத் தொகுதி மாறும். ‘மூணாவது பேருக்குப் போடு’ என்று பக்கத்து ஊர் நண்பருக்குத் தொலைபேசியில் சொன்னால் அவர் வேறு யாருக்கோ போட்டுவிடுவார்.

நன்கொடை விருந்துக்கு அழைப்பு வந்தால் ஒரு எச்சரிக்கை. குடிமக்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும் பணம் கொடுக்கலாம். ஆளுநர் வேட்பாளர் ஒருவருக்கு ஒரு தேர்தலில் ஒருவர் கொடுக்கக்கூடியது அதிகபட்சம் 39,200 டாலர். எச்-1பி நண்பர் பத்து டாலர்கூடக் கொடுக்கக் கூடாது. அவர் பணத்தை வாங்கி உங்கள் பெயரில் கொடுப்பதும் குற்றம்.

6. வாக்குச்சீட்டும் கையெழுத்தும்

பதிவு செய்த எல்லோருக்கும் சீட்டு தபாலில் வந்துவிடும், தனியாகக் கேட்க வேண்டியதில்லை. பிரித்ததும் மலைத்துவிடாதீர்கள். ஆளுநர், துணை ஆளுநர், மாநிலச் செயலர், பொருளாளர், தலைமை வழக்கறிஞர், காப்பீட்டு ஆணையர், நாடாளுமன்ற உறுப்பினர், சட்டமன்ற உறுப்பினர், நீதிபதிகள் என்று நீண்டுகொண்டே போகும். நம் ஊரில் ஒரு பொத்தானை அமுக்கி, விரலில் மை வைத்துக்கொண்டு வந்தவர்களுக்கு இது தேர்வுத்தாள் மாதிரி இருக்கும். எல்லாவற்றுக்கும் போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தெரியாததை விட்டுவிட்டால் மற்ற வாக்குகள் செல்லாமல் போகாது.

கருப்பு அல்லது நீல மையில் வட்டத்தை முழுதாக நிரப்புங்கள். சீட்டின்மேல் பெயரோ கையெழுத்தோ போடாதீர்கள். கையெழுத்து உறைமேல் மட்டும்.

இனி என் கதை. ஊரில் வங்கிக் கணக்கு தொடங்கிய நாளிலிருந்து நான் தமிழில்தான் கையெழுத்துப் போடுகிறேன். இனிஷியல், அடுத்து ஒரு புள்ளி, பெயர், கடைசி எழுத்தின் வாலை இழுத்து அடியில் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. வாக்குச்சீட்டு உறையிலும் ரொம்பப் பொறுப்பாக அதையே போட்டேன். ஆனால் இணையத்தில் பதிவு செய்தபோது தேர்தல் அலுவலகம் என் கையெழுத்தை டி.எம்.வி.யிலிருந்து எடுத்திருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் அந்தக் கவுன்ட்டரில், பின்னால் இருந்தவர் பெருமூச்சு விட்டுக்கொண்டிருக்க, உள்ளங்கை அளவுத் திரையில் பிளாஸ்டிக் குச்சியால் ஆங்கிலத்தில் ஒரு புழுவை வரைந்துவிட்டு வந்திருக்கிறேன். புழுவுக்கும் புள்ளி வைத்த தமிழுக்கும் என்ன பொருத்தம்? ‘கையெழுத்து பொருந்தவில்லை’ என்று கடிதம் வந்தது.

நல்லவேளை, பொருந்தாவிட்டால் வாக்காளரைக் கேட்காமல் நிராகரிக்கக் கூடாது என்பது இங்கே சட்டம். கடிதத்தோடு வந்த படிவத்தில் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பினேன், வாக்கு எண்ணப்பட்டது. அந்தக் கடிதத்தை விளம்பரத் தபால் என்று நினைத்துக் குப்பையில் போட இருந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். தேர்தல் முடிந்து இரண்டு மூன்று வாரம் வரை கவுண்டியிலிருந்து வரும் எந்த உறையையும் பிரிக்காமல் எறியாதீர்கள்.

இப்போதே ஓட்டுநர் உரிமத்தை எடுத்து அதில் இருக்கும் உங்கள் கையெழுத்தைப் பாருங்கள். அதே மாதிரி உறையில் போடுங்கள். அது பிடிக்கவில்லை என்றால், காகிதப் படிவத்தில் புதிய கையெழுத்தோடு மறுபடி பதிவு செய்துகொள்ளலாம். தமிழிலும் போடலாம், இரண்டு இடத்திலும் ஒன்றாக இருந்தால் போதும்.

இன்னொன்று, கணவன் மனைவி உறை மாறுவது. சாப்பாட்டு மேசையில் இருவரும் சேர்ந்து நிரப்பி, அவர் உறையில் இவர் கையெழுத்துப் போட்டு ஒட்டிவிடுவார்கள். உறைமேல் அச்சிட்ட பெயரை வாய்விட்டுப் படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

7. திருப்பி அனுப்புதல்

உறைக்குத் தபால்தலை தேவையில்லை. தேர்தல் நாளுக்குள் தபால் முத்திரை விழுந்து, ஏழு நாளுக்குள் போய்ச் சேர்ந்தால் எண்ணுவார்கள் என்பது மாநில விதி. இதை நம்பிக் கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள். தபால் பெட்டியில் போட்ட அன்றே முத்திரை விழும் என்று உறுதி இல்லை. தவிர, தாமதமாக வரும் சீட்டுகளை ஏற்பது பற்றி உச்ச நீதிமன்றத்திலும் வழக்கு போயிருக்கிறது. கடைசி வாரமாகிவிட்டால், தபால் நிலையக் கவுன்ட்டரில் கொடுத்துக் கண்முன்னே முத்திரை குத்தச் சொல்லுங்கள். அதைவிட நல்லது, கவுண்டி வைத்திருக்கும் வாக்குச்சீட்டுப் பெட்டி. நூலகம், நகராட்சி அலுவலகம் போன்ற இடங்களில் இருக்கும். தேர்தல் நாள் இரவு 8 மணிக்குப் பூட்டிவிடுவார்கள்.

நேரில் போவதானால் காலை 7 முதல் இரவு 8 வரை. எட்டு மணிக்கு வரிசையில் நின்றுவிட்டால் போதும், வாக்களிக்க விட்டாக வேண்டும். வேலை நேரத்தில் போக வழியில்லை என்றால், இரண்டு மணி நேரம் வரை சம்பளத்தோடு அனுமதி கேட்கலாம். இரண்டு வேலை நாள் முன்னதாகச் சொல்லிவிட வேண்டும். வேட்பாளர் பெயர் போட்ட சட்டை, தொப்பி, பேட்ஜ் அணிந்து போனால் 100 அடிக்கு அப்பாலேயே நிறுத்திவிடுவார்கள்.

பிள்ளைகளோடு இருக்கும் அப்பா அம்மாவும் குடியுரிமை பெற்றிருந்தால்: மாநிலக் கையேடு ஆங்கிலம் தவிர ஒன்பது மொழிகளில் வருகிறது. இந்தி உண்டு, தமிழ் இல்லை. ஆனால் ஒரு வாக்குச்சாவடி எல்லையில் ஆங்கிலம் போதாத ஒரு மொழிக்காரர்கள் வாக்களிக்கும் வயதினரில் 3 சதவீதமாவது இருந்தால், அந்த மொழியில் மாதிரிச் சீட்டு வைக்க மாநிலச் சட்டம் சொல்கிறது. உங்கள் கவுண்டி அலுவலகத்தைக் கூப்பிட்டுத் தமிழில் உண்டா என்று கேளுங்கள். உதவிக்கு இரண்டு பேரைக் கூட அழைத்துப் போகலாம், வேலை கொடுத்தவரும் தொழிற்சங்கத்தாரும் மட்டும் கூடாது. படித்துச் சொல்லுங்கள், முடிவை அவர்களே எடுக்கட்டும். என் அம்மா நான் பெயர்களைப் படித்து முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, ‘யாருக்குப் போட்டேன்னு உனக்கு எதுக்கு?’ என்று சீட்டை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

8. போய்ச் சேர்ந்ததா?

மாநிலத்தின் ‘வேர்ஸ் மை பேலட்’ சேவையில் கைபேசி எண்ணைப் பதிந்து வையுங்கள், கட்டணம் இல்லை. சீட்டு கிளம்பியது, அலுவலகம் வந்தது, எண்ணப்பட்டது என்று ஒவ்வொரு கட்டத்திலும் குறுஞ்செய்தி வரும். கையெழுத்துச் சிக்கல் என்றாலும் கடிதத்துக்கு முன்பே இதில் தெரிந்துவிடும். முடிவு அன்றிரவே தெளிவாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். தபால் சீட்டுகளின் கையெழுத்துகளை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பதால் எண்ணிக்கை வாரக்கணக்கில் இழுக்கும். புதிய ஆளுநர் பதவியேற்பது 2027 ஜனவரி 4.

ஜூனில் வாக்களித்தவர்களுக்கு நவம்பரில் மறுபடி பதிவு தேவையில்லை, அக்டோபரில் சீட்டு தானாக வரும். கோடை விடுமுறையில் வீடு மாறியவர்களுக்கு மட்டும் அது பழைய முகவரிக்குப் போகும். அந்த உறையைத் தபால்காரர் புது முகவரிக்குத் திருப்பி அனுப்ப மாட்டார்.